கோழிப்பண்ணையில் கிடந்த ஹெரால்டு

நாமக்கல்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பிச்சி எழுதுவது. நீ அனுப்பிய மூன்று வாய்ஸ் மெசேஜையும் உன் அமுச்சி போட்டுக் காட்டினாள். மூன்றாவதில் கேட்டது நீ அழுத சத்தமா, பின்னால் போன லாரியின் ஏர் ஹாரனா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியை நீ மறந்துவிடுவாய், மீதியை மெக்கானிக் மாற்றிச் சொல்லிவிடுவார்.

நீ சொன்னதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்து. சேலத்தில் எடுத்தால் வண்டி ஒழுங்காக எடுக்கிறது. கொண்டலாம்பட்டி நெரிசலில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்தாலும் ஒன்றும் செய்வதில்லை. மல்லூர் தாண்டி நாலுவழிச் சாலையில் அறுபதில் நிதானமாகப் போகும்போது, சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி இன்ஜின் நின்றுவிடுகிறது. ஓரம் கட்டி, பானட்டைத் திறந்து பார்த்து, எதுவும் புரியாமல் மூடிவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒரே செல்ஃபில் எடுத்துக்கொள்கிறது. இது ஒன்று. பள்ளத்தில் இறங்கினால் இடது ஹெட்லைட் அணைகிறது, பானட்டில் ஒரு தட்டுத் தட்டினால் எரிகிறது. இது இரண்டு. பிரேக் மிதிக்கும்போது பின்னால் ஒரு பக்கம் பளிச்சென்று எரியாமல் மங்கலாக எரிகிறது, அதோடு எரியக்கூடாத பார்க்கிங் லைட்டும் சேர்ந்து மினுங்குகிறது என்று ஸ்கூட்டரில் பின்னால் வந்த உன் சிநேகிதி சொன்னாள். இது மூன்று.

மெக்கானிக் என்ன செய்தார்? காயில் மாற்றினார், கண்டென்சர் மாற்றினார், பேட்டரியும் மாற்றினார். மூன்றும் ஒரே நாளில். பத்து நாள் ஓடியது. பதினோராவது நாள் ஆண்டகலூர் கேட் பக்கத்தில் நின்றுவிட்டது.

அவரைத் திட்டாதே. வண்டி அவர் பட்டறை வாசலுக்குப் போனதும் நல்ல பிள்ளையாகிவிடுகிறது, அவர் எதைப் பார்ப்பார்? ஆனால் உன்னைக் கொஞ்சம் திட்ட வேண்டும். அந்தப் பத்து நாளில் நீ "சரியாயிருச்சு அப்பிச்சி" என்று போன் பண்ணினாயே, அதற்கு. எது கெட்டுப்போயிருந்தது, எது சரியானது என்று நமக்குத் தெரியாதவரை சரியாகவில்லை, ஒளிந்துகொண்டிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நாற்பது வருஷம் லாரி வயரிங் பார்த்தவன் சொல்கிறேன். முழுசாகச் செத்துப்போன வயரைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். விட்டுவிட்டு மக்கர் பண்ணும் வயர்தான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும்.

இனி, நீயே சொன்னதை வைத்து உட்கார்ந்த இடத்திலேயே எவ்வளவு தூரம் போகலாம் பார். "சுவிட்சை அணைத்த மாதிரி" என்றாய். நல்ல வார்த்தை. பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி அப்படி நிற்காது. இருமும், முக்கும், இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு நிற்கும். சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயில் ஆவி கட்டினாலும் அப்படித்தான், அதோடு ஆறும்வரை திரும்ப எடுக்காது. ஆக, இது கரண்ட் பக்கத்துக் கோளாறு. காயில் சூட்டில் படுத்துவிட்டது என்றால் அதுவும் ஆற இருபது நிமிஷமாவது கேட்கும். உன் வண்டி ஒரே செல்ஃபில் எடுக்கிறது. தவிர, சூடுதான் காரணமென்றால் காற்றே படாத கொண்டலாம்பட்டி நெரிசலில் அல்லவா நின்றிருக்க வேண்டும்? நல்ல காற்று அடிக்கிற ரோட்டில் நிற்கிறது. ஆகவே காயிலுக்குக் கொடுத்த பணம் வீண். பழைய காயிலைத் தூக்கி எறிந்திருந்தால் போய்க் குப்பையில் தேடி எடுத்து வை. அது நல்ல காயில்.

அப்படியானால் பத்து நாள் ஏன் ஓடியது? இதைத்தான் நான் நேற்று முழுக்க யோசித்தேன். பதில் கடைசியில் வரட்டும். அதற்கு முன்னால் உன் வண்டியின் ஜாதகத்தைத் தெரிந்துகொள்.

பிரிட்டனில் 1959-இல் ட்ரையம்ப் ஹெரால்டு என்று வந்தது. வடிவம் போட்டவர் இத்தாலிக்காரர், ஜியோவன்னி மிகெலோட்டி. அதையே 1961 முதல் நம் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று செய்தது. வண்டிக்கு எலக்ட்ரிக் சாமான் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் சென்னைப் பாடியில் ஆரம்பித்ததும் அதே 1961-தான். உன்னுடையது நாலு கதவு. நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும் செய்தது, வெள்ளைக்காரன் அதைப் பார்த்ததே இல்லை. லூகாஸ் வயரிங் என்றாலே இங்கிலாந்தில் "இருட்டின் இளவரசன்" என்று கிண்டல் பண்ணுவார்களாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இத்தனை வருஷம் கிடந்து, ஊர்ப்பட்ட எலக்ட்ரீஷியன்கள் வெட்டி ஒட்டிய பிறகும் பாதி விளக்கு எரிகிறது என்றால், செய்தவன் ஒன்றும் மோசக்காரன் இல்லை.

உன் வண்டிக்கு மட்டும் ஒரு தனிக் கதை உண்டு. உன் அப்பாரு, என் சம்பந்தி, நல்லா இருந்தவரை அதைத் தினமும் துடைத்து வைத்திருந்தார். அவர் தவறிய பிறகு மோகனூர் ரோட்டுக் கோழிப்பண்ணையில், தீவன மூட்டை அடுக்கும் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இருபத்திரண்டு வருஷம் அங்கேயே கிடந்தது. மழை படவில்லை, வெயில் படவில்லை, பத்திரமாக இருக்கிறது என்று உன் அப்பா நினைத்தார். சம்பந்தி வீட்டு விஷயம், நான் வாய் திறக்கவில்லை. கோழி எச்சத்திலிருந்து கிளம்புகிறதே, மூக்கை அறுக்கும் வாடை, அது அம்மோனியா. செம்புக்கும் பித்தளைக்கும் அது எமன். ஈரக்காற்றோடு சேர்ந்தால் செம்பைத் தின்றுகொண்டே இருக்கும். நாமக்கல்லில் பண்ணை வேலைக்கு ஓடும் வண்டிகளின் வயரிங்கை நான் எத்தனையோ பிரித்திருக்கிறேன். வெளியே ரப்பர் உறை புதுசு மாதிரி இருக்கும். நுனியை உரித்தால் உள்ளே செம்பு கரிக்கட்டை நிறத்தில் இருக்கும். ஒரு சாண் வெட்டிவிட்டு உரித்தாலும் கருப்பு. அந்தக் கருப்பில் ஈயம் ஒட்டாது, எவ்வளவு முறுக்கினாலும் கான்டாக்ட் பிடிக்காது. செம்பு பளபளவென்று தெரிகிறவரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு முழம் போயும் கருப்பென்றால் அந்த வயரையே தூக்கிப் போட்டுவிடு. தீவனத்துக்கு வந்த எலிகள் பொழுதுபோகாமல் கடித்தது தனிக் கணக்கு.

அந்த வண்டியை வெளியே எடுத்து நீ முதலில் என்ன செய்தாய்? பெயிண்ட் அடித்தாய்.

அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் நீ சொன்ன மூன்று கோளாறில் ஒன்று, பெயிண்ட்டால் வந்தது. கவனித்தாயா? இதில் எனக்கு ஒரு சொந்த அனுபவம் உண்டு, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எண்பதுகளில், பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நான் வயரிங் பார்த்துக்கொண்டிருந்தபோது, புது லாரி ஒன்று வெளியே போய் ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. ராத்திரியில் ஹாரன் அடித்தால் லைட் மங்குகிறது, செல்ஃப் சில நேரம் எடுக்கிறது, சில நேரம் 'டக்' என்பதோடு நின்றுவிடுகிறது. நான் பேட்டரியைச் சார்ஜ் போட்டேன். செல்ஃப் மோட்டாரைப் பிரித்துப் புஷ் மாற்றினேன். திரும்ப வந்தது. கட்-அவுட் மாற்றினேன். திரும்ப வந்தது. மூன்றாவது தடவை டிரைவர் கையில் டீ கிளாஸோடு நின்றுகொண்டு, "அண்ணா, இந்த வயரு தொட்டா சுடுதுங்ணா" என்று பேட்டரியிலிருந்து சேஸிக்குப் போகும் எர்த் பட்டையைக் காட்டினார். போல்ட்டைக் கழற்றினேன். வளையத்துக்கு அடியில், சேஸியின் மேல், பட்டுப்போல் சிவப்பு பிரைமர். அதன் மேல் ஒரு கோட் கருப்பு. பெயிண்ட் மேலேயே எர்த் வைத்து முறுக்கியிருக்கிறேன். போல்ட்டின் மரை வழியாக ஒண்டிக்கொண்டு கரண்ட் திரும்பியிருக்கிறது. மரை இறுகினால் செல்ஃப் எடுக்கும், தளர்ந்தால் எடுக்காது. உப்புத்தாளை எடுத்து ஒரு ரூபாய் அகலத்துக்கு இரும்பு தெரியத் தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். ஐந்து நிமிஷ வேலை. அந்த லாரி பிறகு அதற்காக வரவே இல்லை.

கரண்ட் போகிற வழியை எல்லோரும் பார்க்கிறோம். திரும்பி வருகிற வழியை யாரும் பார்ப்பதில்லை. காரில் திரும்பி வருகிற வழி வயர் இல்லை, தகரம். அந்தத் தகரத்துக்கு நீ நாலு கோட் பெயிண்ட் பூசி, போல்ட் போடும் ஓட்டைக்குள்ளேயும் ஸ்பிரே அடித்திருக்கிறாய்.

உன் பின்விளக்குக் கதை அதுதான், சந்தேகமே வேண்டாம். அந்த பல்பில் இரண்டு இழை இருக்கும். பிரேக்குக்கு 21 வாட், பார்க்கிங்குக்கு 5 வாட். இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான், பல்பு ஹோல்டரின் தகரம். அந்த ஹோல்டர் பாடியில் சரியாக உட்காரவில்லை என்றால், பிரேக் மிதிக்கும்போது வந்த கரண்ட்டுக்கு வெளியேற வழி இல்லை. வாய்க்கால் கடைமடையில் மண் விழுந்து அடைத்தால் தண்ணீர் என்ன செய்யும்? பக்கத்து வயலுக்கு ஏறும். அதே மாதிரி அது பார்க்கிங் இழை வழியாக ஏறி, பார்க்கிங் வயரில் எதிர்த்திசையில் ஓடி, அந்தப் பக்கத்து விளக்கைப் போய்ப் பிடித்து, அங்கே எர்த்தைக் கண்டுபிடிக்கும். இரண்டும் மினுங்கும், எதுவும் ஒழுங்காக எரியாது. லாரியில் இதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். சம்பந்தமே இல்லாத இரண்டு விளக்கு சேர்ந்து ஆடினால் கோளாறு விளக்கில் இல்லை, எர்த்தில். ஹோல்டர் ஸ்க்ரூவைக் கழற்றி, அடியில் பெயிண்ட்டைச் சுரண்டி, தனியாக ஒரு கருப்பு வயரே இழுத்துவிடு. பெயிண்ட் மாஸ்டர் கோபித்துக்கொண்டால் என் பேரைச் சொல்.

இன்ஜின் எர்த்தையும் பார்த்துவிடு. இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதற்கும் சேஸிக்கும் பின்னல் பட்டை ஒன்று இருக்க வேண்டும். பெயிண்ட் அடிக்க இன்ஜினை இறக்கியவர்கள் அதைத் திரும்பப் போட மறப்பது வழக்கம். போடாவிட்டாலும் செல்ஃப் எடுக்கும். எப்படித் தெரியுமா? செல்ஃபின் அத்தனை கரண்ட்டும் சோக் கேபிள் வழியாகத் திரும்பும். காலையில் வண்டி எடுக்கும்போது சோக் குமிழ் சுட்டால் அதுதான் அர்த்தம். ஒருநாள் கேபிளே சிவந்து புகையும்.

இடது ஹெட்லைட்டுக்கு வருகிறேன். ஹெரால்டின் பானட் மற்ற கார் மாதிரி இல்லை, மட்கார்டோடு சேர்ந்து மூக்குப் பக்கமாக மொத்தமாகக் கவிழும். ஹெட்லைட் பானட்டிலேயே இருக்கிறது. ஆகவே பானட்டைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஹெட்லைட் வயர் மடங்கி நிமிர்கிறது. நீ நிறுத்தும்போதெல்லாம் பானட்டைத் திறந்து பார்க்கிறாய் அல்லவா? பார்க்கப் பார்க்கக் கெடுகிறது. அந்த மடிப்புக்குப் பக்கத்தில் புல்லட் கனெக்டர் வரிசையாக இருக்கும். ரப்பர் உறைக்குள் ஒரு பித்தளைக் குழல், இரு பக்கமும் குண்டு மாதிரி நுனி வந்து செருகும். கருப்பாகி, பச்சைக் களிம்பு ஏறி இருக்கும். அதில் எது ஹெட்லைட் என்று நிறம் சொல்லும். நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம், சிவப்பு பார்க்கிங், கருப்பு எர்த். உள்ளே போனால் பிரவுன் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி திருப்பினால் வருவது, பச்சை சாவிக்கும் ஃபியூஸுக்கும் அப்பால் போவது. நிறம் வெளுத்திருந்தால் டேப்பைக் கொஞ்சம் பிரித்து, வெளிச்சம் படாத இடத்தை ஈரத்துணியால் துடைத்துப் பார், தெரியும். இதெல்லாம் கம்பெனிக்காரன் போட்ட வயருக்குத்தான். நடுவில் எவனோ ஒருத்தன் சிவப்பு ரோல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் சிவப்பே இழுத்திருப்பான். அப்படி ஒரு வயர் தென்பட்டால் முதல் சந்தேகம் அதன் ஜாயிண்ட் மேல் வை. முறுக்கி டேப் சுற்றியிருப்பான், நம்ம ஊர் வெயிலில் டேப் பசை இளகி வழிந்து, ஜாயிண்ட் அம்மணமாக நிற்கும். நானும் யோக்கியன் இல்லை அம்மிணி. ராத்திரி பதினோரு மணிக்கு மும்பை லோடு கிளம்ப நின்றால் கையில் கிடைத்த நிறத்தைத்தான் நானும் இழுத்தேன். அந்த லாரிகளை அப்புறம் பிரித்தவர்கள் என்னை என்ன வைதார்களோ.

நீ மீட்டரில் 'பீப்' சத்தம் வருகிறதா என்று பார்த்து ஹெட்லைட் வயர் நல்லது என்று முடிவு கட்டினாயே, அதை இனிச் செய்யாதே. அந்த வயரில் 14 இழை இருக்கிறது. பதிமூன்று அறுந்து ஒன்று மிஞ்சினாலும் மீட்டர் பீப் அடிக்கும், ஏனென்றால் மீட்டர் அனுப்புவது ஈ முதுகில் ஏற்றுகிற சுமை. ஹெட்லைட் ஒன்று 60 வாட் என்றால் அதற்கு 5 ஆம்பியர் வேண்டும். அந்த ஒற்றை இழையில் அது சூடாகாமல் எப்படிப் போகும்? ஆகவே லைட்டை எரியவிட்டுப் பார். மீட்டரை டிசி வோல்ட்டில் வை. ஒரு முள்ளைப் பேட்டரியின் எர்த் கம்பத்திலேயே குத்து, கிளாம்பில் இல்லை, ஈயக் கம்பத்தில். இன்னொரு முள்ளை ஹெட்லைட்டின் கருப்பு வயரில் வை. 0.1 வோல்ட் காட்டினால் எர்த் பிரமாதம். அரை வோல்ட் என்றால் வழியில் எங்கோ திருடுகிறது. ஒவ்வொரு கனெக்டராக முள்ளை நகர்த்திக்கொண்டே பேட்டரிப் பக்கம் வா, எங்கே சட்டென்று இறங்குகிறதோ அங்கே திருடன். இதேபோல் போகும் வழியையும் அளந்துவிடு. 0.2 ஓம் களிம்பு இருந்தால் 5 ஆம்பியரில் ஒரு வோல்ட் போச்சு. ஒரு வோல்ட்தானே என்று நினைக்காதே, வெளிச்சத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். போன ஒரு வோல்ட் அந்த ஜாயிண்டிலேயே 5 வாட் சூடாக உட்காரும். கொஞ்ச நேரம் எரியவிட்டுக் கனெக்டர்களை விரல் முதுகால் தொட்டுக்கொண்டே போ. சுடுவது எதுவோ அதை வெட்டு.

சுத்தம் பண்ணுகிறேன் என்று புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். பித்தளைச் சொம்புக்கு அது சரி, தேய்த்ததும் கழுவி விடுவாய். கனெக்டருக்குள் போன புளிப்பு அங்கேயே இருந்து திரும்பக் களிம்பு கட்டும். பேட்டரி டெர்மினலில் பூத்ததற்கு மட்டும் ஆப்பசோடா கரைத்த வெந்நீர், பிறகு நல்ல தண்ணீர், காய்ந்ததும் வாஸ்லின்.

இனிப் பெரிய கோளாறு. நடு ரோட்டில் நிற்பது.

முதல் சாட்சி உன் டேஷ்போர்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. அடுத்த தடவை நின்றால் பானட்டைத் திறக்காதே, சாவியைத் தொடாதே. கிளட்சை மிதித்து, இண்டிகேட்டர் போட்டு ஓரம் உருட்டிக்கொண்டே, டைனமோவின் சிவப்பு விளக்கையும் ஆயில் விளக்கையும் பார். சாவி போட்டிருக்கும்போது இன்ஜின் நின்றால் அவை எரிய வேண்டும். எரிந்தால் சாவி வரைக்கும் கரண்ட் இருக்கிறது, அதற்கு அப்புறம் காயில் பக்கம் தேடு. இரண்டும் எரியாமல் செத்துக் கிடந்தால் சாவி சுவிட்ச், அல்லது அதற்கு வரும் பிரவுன் வயர். ஒரு பார்வையில் பாதி வண்டி கழிந்துவிட்டது. நாலு தடவை நின்றிருக்கிறாய், ஒரு தடவைகூட நீ அதைப் பார்க்கவில்லை.

இரண்டாவது சாட்சியை நீயே கட்ட வேண்டும். சின்ன 12 வோல்ட் பல்பு ஒன்று வாங்கி, ஹோல்டரில் நீளமான இரண்டு வயர் வை. ஒன்றைக் காயிலில் எஸ்.டபிள்யூ என்று எழுதியிருக்கும் பக்கத்தில் கட்டு. சாவியிலிருந்து வெள்ளை வயர் வந்து சேரும் பக்கம் அது. நடுவில் சின்ன ஃபியூஸ் ஒன்று போட்டுக்கொள், உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். இன்னொன்று எர்த். பல்பை உள்ளே கொண்டுவந்து டேஷ்போர்டில் நிழலான இடத்தில் ஒட்டு. ஓட்டும்போது நீ ரோட்டைப் பார், பக்கத்தில் உன் சிநேகிதி பல்பைப் பார்க்கட்டும். வண்டி நிற்கும் நொடியில் பல்பும் அணைந்தால் வயர், சுவிட்ச். பல்பு சிரித்துக்கொண்டே எரிந்தால் கோளாறு அதற்கு அப்புறம், பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள். இன்னொரு பக்கம், சி.பி என்று இருக்கும், அதில் பல்பைக் கட்டிக்கொண்டு ஓட்டாதே, பிளக்கில் நெருப்புப் பலவீனமாகும்.

பல்பு எரியும் என்றுதான் என் மனசு சொல்கிறது. ஏன் என்று கேள்.

டிஸ்ட்ரிபியூட்டரின் இரண்டு கிளிப்பைத் தள்ளி மூடியைத் தூக்கினால் ரோட்டாருக்குக் கீழே பாயிண்ட் தெரியும். அது ஒரு தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பக்கவாட்டில் ஒரு வேக்குவம் டப்பா, அதற்குக் கார்புரேட்டரிலிருந்து மெல்லிய குழாய். இன்ஜின் சும்மா ஐட்லிங்கில் ஓடும்போது அந்தக் குழாயில் இழுப்பு இருக்காது. அறுபதில் நிதானமாக, கால் பாதி மிதித்துப் போகும்போது இழுப்பு அதிகம், டப்பா தகட்டைச் சுற்றி இழுக்கும். முழுசாக மிதித்தால் இழுப்புக் குறைந்து தகடு திரும்பும். வண்டி நின்றாலும் திரும்பும். இப்போது யோசி. வெளி டெர்மினலிலிருந்து பாயிண்ட்டுக்கு உள்ளே ஒரு சின்ன வயர் போகிறது, உன் சுண்டுவிரல் நீளம். தகடு அசையும் ஒவ்வொரு தடவையும் அது நெளிகிறது. இத்தனை வருஷ நெளிசல். உறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு அறுந்திருக்கும். தகடு பழைய இடத்தில் இருக்கும்போது இரண்டு நுனியும் தொட்டுக்கொள்ளும். நெரிசலில் ஓடும், பட்டறையில் ஓடும். டப்பா தகட்டை இழுத்தால் பிரியும், சுவிட்சை அணைத்த மாதிரி நிற்கும். ஓரம் கட்டினால் தகடு திரும்பி வந்து சேர்ந்துகொள்ளும், ஒரே செல்ஃப். லாரியை ஓவர்டேக் எடுக்க நீ அழுத்தி மிதித்தபோது ஒரு தடவையாவது நின்றிருக்கிறதா? இல்லை என்று நினைக்கிறேன். சொல்.

பத்து நாள் ஏன் ஓடியது என்பதற்கும் இதுதான் பதில். கண்டென்சர் வயரும் இந்தச் சின்ன வயரும் பாயிண்ட்டின் ஒரே முளையில்தான் வந்து சேர்கின்றன. கண்டென்சரை மாற்ற அவர் அந்த நட்டைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றி மாட்டியதில் சின்ன வயர் கொஞ்சம் வேறு மாதிரி வளைந்து படுத்தது, பத்து நாள் தொட்டுக்கொண்டிருந்தது. வண்டியை ஓட வைத்தது கண்டென்சர் இல்லை, அதை மாற்றிய கை.

நான் சொன்னேன் என்று நம்பிவிடாதே. நானும் செல்ஃப் மோட்டாரைப் பிரித்தவன்தான். சோதித்துப் பார். மீன் தொட்டிக்குப் போடும் ரப்பர் குழாய் ஒரு துண்டு வாங்கு. டிஸ்ட்ரிபியூட்டர் டப்பாவில் செருகியிருக்கும் குழாயைப் பிடுங்கிவிட்டு இதைச் செருகு. கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக். துப்பட்டாவைக் கழற்றி வீட்டில் வை, ஜடையைச் சுற்றிக் கொண்டை போடு, ஃபேன் பக்கம் கையோ முடியோ போகக்கூடாது. இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, குழாயின் நுனியை வாயில் வைத்து நன்றாக உறிஞ்சு. டப்பா நன்றாக இருந்தால், உறிஞ்சி நாக்கால் அடைத்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், இன்ஜின் சத்தம் கொஞ்சம் மாறும். உறிஞ்சும்போதெல்லாம் இன்ஜின் நின்றால் வேறு எங்கும் தேட வேண்டாம். பிறகு இன்ஜினை அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்தச் சின்ன வயரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழு. நல்ல வயர் இழுத்தால் அப்படியே நிற்கும். உள்ளே அறுந்தது ரப்பர் பேண்டு மாதிரி நீளும். அந்த ஒரு நீட்சியைக் கையில் உணர்ந்துவிட்டால் வாழ்நாளைக்கும் மறக்காது. அதன் பக்கத்திலேயே தகட்டுக்கு எர்த்தாகத் துணி உறை போட்ட இன்னொரு குட்டி வயர் இருக்கும், அதையும் இழுத்துப் பார்.

நீண்டால் கடையில் விற்கும் சாதாரண வண்டி வயரை வெட்டிப் போட்டுவிடாதே, அது விறைப்பு, ஒரு மாசத்தில் முறியும். தலைமுடி மாதிரி இழை இழையான வயர் வேண்டும். என்னிடம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இரண்டு முழம் இருக்கிறது.

உறிஞ்சியும் நிற்கவில்லை என்றால் நோட்டு ஒன்று வாங்கு. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் எழுது: கிளம்பி எத்தனை நிமிஷம், எந்த வேகம், கால் எவ்வளவு மிதித்திருந்தது, ரோடு குலுங்கியதா, என்னென்ன போட்டிருந்தது, சிவப்பு விளக்கு என்ன சொன்னது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

இன்னொன்று. ரோட்டில் நிற்கும்போது இரக்கப்பட்டு நிறுத்தும் லாரிக்காரர்கள் நம்ம ஊரில் அதிகம், நல்லவர்கள். "பேட்டரி குடுக்கட்டுங்களா அம்மிணி" என்பார்கள். லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டை ஒன்றாகக் கோத்து 24 வோல்ட் வைத்திருப்பார்கள். அதை அப்படியே உன் வண்டிக்குக் கொடுத்தால் பல்பெல்லாம் ஒரே நேரத்தில் போகும். ஒரே ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுக்கச் சொல், அதற்கு முன் உன் வண்டியில் எர்த் எந்தக் கம்பம் என்று கண்ணால் பார்த்துக்கொள். அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகளில் பிளஸ் எர்த்தும் உண்டு, நடுவில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும்.

ஞாயிற்றுக்கிழமை வா. உன் அமுச்சி பச்சைப்புளி ரசமும் கோழி வறுவலும் என்று இப்போதே ஆரம்பித்துவிட்டாள். பழைய காயில், பழைய கண்டென்சர் இரண்டையும் எடுத்து வா. என் கண்ணாடியின் பவர் மாறிவிட்டது, அந்தச் சின்ன வயரை நீதான் மாட்ட வேண்டும், நான் டார்ச் பிடிக்கிறேன். வழியில் நின்றுபோனால் உடனே எனக்கு போன் பண்ணாதே. சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு அப்புறம் பண்ணு.

இப்படிக்கு,
அப்பிச்சி